மதர்போர்டு சிப் சூடாகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ப்ராசஸர் கூலரைப் பற்றியும் கிராபிக்ஸ் கார்டைப் பற்றியும் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மதர்போர்டின் கீழ்ப்பகுதியில் ஒரு சின்ன அலுமினியத் துண்டுக்கு அடியில் இருக்கும் சிப்செட்டை, கோளாறு வரும்வரை யாரும் கவனிப்பதில்லை. கோளாறு வந்த பிறகு என்னிடம் வந்தவர்கள் கேட்டதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

படிக்கும்போது ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெப்பம் ஒரு வழியாகப் பயணம் செய்கிறது: சிப்பிலிருந்து அதன் மேல் தடவிய வெப்பம் கடத்தும் பேஸ்டுக்கு, பேஸ்டிலிருந்து ஹீட்சிங்குக்கு (மேலே சொன்ன அலுமினியத் துண்டு), அங்கிருந்து பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கு, கடைசியாகப் பெட்டிக்கு வெளியே. இந்த நான்கு இடங்களில் எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்காமல் எதை வாங்கி மாட்டினாலும் அது குருட்டு வைத்தியம்தான்.

மதர்போர்டுல சூடாகிற அந்த சிப் எது? ப்ராசஸர்தானே சூடாகும்?

ப்ராசஸர்தான் அதிகம் சூடாகும். ஆனால் அதற்கு அடுத்து போர்டிலேயே நிரந்தரமாகப் பற்றவைக்கப்பட்ட ஒரு பெரிய சிப் உண்டு. யூ.எஸ்.பி, சாட்டா (வட்டுகளை இணைக்கும் வழி), நெட்வொர்க், கூடுதல் எஸ்எஸ்டி இடங்கள் எல்லாவற்றையும் ப்ராசஸரோடு இணைப்பது அதன் வேலை. அதுதான் சிப்செட்.

பழைய போர்டுகளில் இது இரண்டாக இருந்தது. ப்ராசஸருக்குப் பக்கத்தில் நார்த்பிரிட்ஜ், கீழே சவுத்பிரிட்ஜ். நினைவகத்தையும் கிராபிக்ஸ் கார்டையும் நார்த்பிரிட்ஜ்தான் கையாண்டது, அதனால் அதற்குத்தான் சூடு அதிகம். 2003-ல் ஏஎம்டி நினைவகக் கட்டுப்பாட்டைப் ப்ராசஸருக்குள்ளேயே கொண்டுபோனது. இன்டெல் 2008-ல் அதைச் செய்தது; அடுத்த ஆண்டு வந்த பி55 போர்டுகளில் நார்த்பிரிட்ஜே இல்லை. இன்று பெரும்பாலான போர்டுகளில் ஒரே ஒரு சிப்செட்தான். உங்களுடையது எந்தக் காலத்துப் போர்டு என்று தெரிந்தால் எந்த ஹீட்சிங்கைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

அந்த ஹீட்சிங்கைத் தொட்டா கை சுடுது. போர்டு போயிடுமா?

போகாது. நம் விரலுக்கு 45 டிகிரியிலேயே சங்கடமாகத் தொடங்கும். 60 டிகிரியில் இருக்கும் உலோகத்தில் சில விநாடிகளுக்கு மேல் விரலை வைத்திருக்க முடியாது. சிலிக்கானுக்கு 60 என்பது ஒன்றுமே இல்லை. 2019-ல் வந்த ஏஎம்டி எக்ஸ்570 போர்டுகளில் சிப்செட் 60, 70 டிகிரியில் ஓடுவது சாதாரணம்.

நான் பின்பற்றும் கணக்கு இது. வேலை கொடுத்து அரைமணி நேரம் கழிந்தபின் 75-க்குக் கீழே இருந்தால் பெட்டியை மூடிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். 75-லிருந்து 90 வரை என்றால் தூசியும் காற்றோட்டமும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். 90-ஐத் தாண்டினால் கட்டாயம் திறந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு சிப்புக்கும் அதன் தயாரிப்பாளர் சொல்லும் உச்ச வரம்பு தனி. அது தெரிந்தால் அதையே கணக்கில் எடுங்கள்.

இன்னொன்று, பலர் தலைகீழாகப் புரிந்துகொள்வது: ஹீட்சிங்க் சுடுகிறது என்றால் சிப்பின் வெப்பம் அதற்கு வந்து சேர்கிறது என்று பொருள். அது நல்ல செய்தி. சென்ஸார் 95 காட்டும்போது ஹீட்சிங்க் ஜில்லென்று இருந்தால் அப்போதுதான் கவலைப்பட வேண்டும்.

சாஃப்ட்வேர் காட்டுற டிகிரியை நம்பலாமா?

பாதி நம்பலாம். விண்டோஸில் எச்டபிள்யூஇன்ஃபோ, லினக்ஸில் எல்எம்-சென்ஸார்ஸ் போன்றவை போர்டில் உள்ள சென்ஸார்களைப் படித்துக் காட்டும். அதில் 'சிப்செட்' அல்லது 'பிசிஎச்' (இன்டெல் தன் சிப்செட்டுக்கு வைத்த பெயர்) என்று பெயரிட்ட வரிதான் நமக்கு வேண்டியது. பெயர் சரியாக இல்லாத வரிகள் சில சமயம் 127 டிகிரி என்றோ மைனஸ் கணக்கிலோ காட்டும். அவை எதனோடும் இணைக்கப்படாத சென்ஸார்கள். 127-ஐப் பார்த்துப் பதறி நள்ளிரவில் அழைத்தவர்கள் உண்டு. உண்மையான சென்ஸார் என்றால் கம்ப்யூட்டரைப் போட்ட உடனே குறைவாக இருக்கும், வேலை கொடுக்கக் கொடுக்க மெல்ல ஏறும். அசையாமல் ஒரே எண்ணில் நிற்பதை நம்ப வேண்டாம்.

அகச்சிவப்பு வெப்பமானியை வைத்திருப்பவர்கள் பளபளக்கும் அலுமினியத்தின் மேல் நேராகக் காட்டி அளக்காதீர்கள். பளபளப்பான உலோகம் தன் வெப்பக் கதிர்களை மிகக் குறைவாகவே வெளியிடும். கருவி உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு சின்னத் துண்டை ஒட்டி, அது சூடேறியபின் அதன் மேல் அளங்கள்.

எப்படி அளந்தாலும் அறையின் வெப்பநிலையைப் பக்கத்தில் எழுதிவையுங்கள். அறை 25 டிகிரி இருந்தபோது 70 காட்டிய சிப்பும், அறை 35 இருக்கும்போது 80 காட்டும் சிப்பும் ஒரே நிலையில்தான் இருக்கின்றன. இதை எழுதாமல் விட்டால் பின்னால் செய்யும் எந்த மாற்றத்துக்கும் பலன் இருந்ததா என்று சொல்லவே முடியாது.

சிப்செட் ரொம்ப சூடானா என்ன கோளாறு தெரியும்?

அந்த சிப் வழியாகப் போகும் எதுவும் தடுமாறும். பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது வட்டு திடீரென்று காணாமல் போவது, யூ.எஸ்.பி சாதனங்கள் விட்டுவிட்டு இணைவது, கம்ப்யூட்டர் உறைந்து நிற்பது, மீண்டும் போட்டால் கொஞ்ச நேரம் நன்றாக ஓடுவது. நார்த்பிரிட்ஜுக்குள்ளேயே கிராபிக்ஸ் இருந்த பழைய போர்டுகளில் திரையில் கோடுகளும் புள்ளிகளும் வரும்.

இதே அறிகுறிகள் மோசமான கேபிளாலும் சாகப்போகும் வட்டாலும்கூட வரும். ஒரு மேசை விசிறியைத் திறந்த பெட்டிக்குள் காற்று போகும்படி வைத்துப் பாருங்கள். கோளாறு நின்றுவிட்டால் சூடுதான் காரணம். நிற்கவில்லையென்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். ஐந்து நிமிடச் சோதனை இது. பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

சிப் மேல இருக்கிற குட்டி ஃபேன் கத்துது. கழட்டிப் போட்டுடலாமா?

கழற்றிவிட்டு அப்படியே விடக்கூடாது. ஃபேனோடு வரும் ஹீட்சிங்க் ஃபேன் இருக்கிறது என்ற நம்பிக்கையில் மெல்லியதாகச் செய்யப்பட்டது. காற்று நின்றால் அதனால் சமாளிக்க முடியாது.

இந்த 40 மில்லிமீட்டர் ஃபேன்கள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றினால்தான் உருப்படியான காற்று வரும். பேரிங் தேய்ந்தால் கத்தும், அப்புறம் நின்றுவிடும். 2005 வாக்கில் வந்த, என்விடியாவின் என்ஃபோர்ஸ்4 சிப்செட் வைத்த போர்டுகளில் இது பெரிய தலைவலி. எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சத்தம் அடங்கும். சில வாரங்களில் திரும்ப வரும்.

அதே அளவு ஃபேன் வாங்குவதென்றால் முதலில் திருகுத் துளைகளின் இடைவெளியை அளங்கள். வழக்கமான 40 மி.மீ. ஃபேனில் பக்கத்துப் பக்கத்துத் துளைகளுக்கு இடையே 32 மி.மீ. இருக்கும். சிப்செட் ஃபேன்கள் பலவற்றில் சட்டமே தனி வடிவம். கடையில் கிடைக்கும் எதுவும் பொருந்தாது. அப்போது அடுத்த கேள்விக்கான வழிதான் நல்லது.

பக்கத்துல சும்மா ஒரு ஃபேனைக் கட்டி விட்டா போதுமா?

பெரும்பாலும் போதும். எனக்கு மிகவும் பிடித்த தீர்வும் இதுதான்: எதையும் பிரிக்க வேண்டாம், தவறினாலும் எதுவும் கெடாது.

ஏன் இவ்வளவு பலன் என்பதற்கு ஒரு கணக்கு. ஹீட்சிங்கின் திறனை ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி ஏறுகிறது என்று சொல்வார்கள். அசையாத காற்றில் ஒரு வாட்டுக்கு 5 டிகிரி ஏறும் ஹீட்சிங்க் என்று வைத்துக்கொள்வோம். சிப் 10 வாட் வெப்பம் விட்டால் 50 டிகிரி ஏறும். பெட்டிக்குள் காற்று 35 என்றால் ஹீட்சிங்க் 85-ல் நிற்கும். மெதுவான காற்று பட்டு அந்த 5 என்பது 2.5 ஆகிவிட்டால் ஹீட்சிங்க் 60-தான். அசையாத காற்றிலிருந்து லேசாக அசையும் காற்றுக்குப் போகும்போதுதான் பெரிய இறக்கம் கிடைக்கிறது. அதற்கப்புறம் வேகத்தைக் கூட்டக் கூட்டச் சத்தம் ஏறும் அளவுக்குச் சூடு இறங்காது.

அதனால் 80, 92 அல்லது 120 மி.மீ. ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள். நிமிடத்துக்கு 700, 800 சுற்றே போதும். ஹீட்சிங்கைப் பார்த்துக் காற்று ஊதும்படி பிளாஸ்டிக் டை போட்டுப் பெட்டியின் சட்டத்தில் கட்டலாம். ஃபேனின் பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் அதைப் பாருங்கள். இல்லையென்றால் தாங்கிக் கம்பிகள் இருக்கும் பக்கம்தான் காற்று வெளியே வரும். போர்டில் ஃபேன் இணைப்பு ஒவ்வொன்றும் பொதுவாக 1 ஆம்பியர் வரைதான் தாங்கும். ஒரு சாதாரண ஃபேன் அதில் பாதிகூட இழுக்காது, ஆனால் ஒரே இணைப்பில் பிரிப்பான் போட்டு ஐந்தாறு ஃபேன்களைத் தொங்கவிட வேண்டாம். மூன்று பின் ஃபேன் நான்கு பின் இணைப்பில் பொருந்தும்; வேகம் குறைய வேண்டுமென்றால் பயாஸில் (கம்ப்யூட்டரைப் போட்டதும் திறக்கக்கூடிய போர்டின் அமைப்புத் திரை) அந்த இணைப்பை 'டிசி' முறைக்கு மாற்ற வேண்டும்.

தெர்மல் பேஸ்டை எப்போ மாத்தணும்?

முன்பு சொன்ன அறிகுறி இருந்தால்: சென்ஸார் அதிகம் காட்டுகிறது, ஹீட்சிங்கோ அந்த அளவுக்குச் சுடவில்லை. ஏழெட்டு வருடம் ஆன போர்டில் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஆகியிருக்கும். புதிய போர்டில் சூடு கட்டுக்குள் இருந்தால் தொடவே வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதெல்லாம் தேவையில்லாத வேலை. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் சிப்பை உடைக்கும் வாய்ப்பு ஒன்று கூடுகிறது.

ஹீட்சிங்க் ஒட்டிக்கிச்சு, இழுத்தா வர மாட்டேங்குது. என்ன பண்றது?

முதலில், இழுப்பதை நிறுத்துங்கள். இந்தப் பக்கத்தில் எதை மறந்தாலும் இந்தப் பதிலை மறக்க வேண்டாம். நான் பார்த்ததில் சூட்டினால் செத்த சிப்செட்டைவிட ஹீட்சிங்கைக் கழற்றும்போது செத்த சிப்செட்தான் அதிகம்.

கம்ப்யூட்டரை ஒரு பத்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். பேஸ்ட் கொஞ்சம் இளகியிருக்கும். மின்கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள், மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தையும் இறக்கிவிடுங்கள். அதன் பிறகு போர்டை வெளியே எடுக்க வேண்டும். பெட்டிக்குள் வைத்தபடியே கழற்ற ஆசையாக இருக்கும், ஆனால் பெரும்பாலான பிடிப்புகள் போர்டின் பின்பக்கத்தில்தான் இருக்கின்றன. பிளாஸ்டிக் ஊசிப் பிடிப்பு என்றால் பின்னால் விரிந்திருக்கும் இரண்டு கொக்கிகளையும் மூக்குக் குறடால் மெதுவாக நெருக்கினால் அது தானாக மேலே எழும். திருகு என்றால் ஒன்றை முழுக்கக் கழற்றாமல் எதிரெதிர்த் திருகுகளை மாற்றி மாற்றி அரைச்சுற்று தளர்த்துங்கள். கம்பிக் கொக்கி என்றால் ஒருபக்கம் அழுத்தி விடுவியுங்கள். கை நழுவினால் கம்பி போர்டில் கீறும், அதனால் ஒரு அட்டையை அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிடிப்பு போன பிறகும் ஒட்டிக்கொண்டிருந்தால், தலைமுடி உலர்த்தும் கருவியால் ஹீட்சிங்கைக் கொஞ்சம் சூடாக்கி, தட்டையாக வைத்தபடியே இடமும் வலமுமாக லேசாகத் திருகுங்கள். சில டிகிரி அசைந்தாலே பிடி விட்டுவிடும். ஸ்க்ரூடிரைவரை அடியில் கொடுத்து நெம்பவே கூடாது. சிப்பைச் சுற்றி முடி அளவு மெல்லிய செம்புத் தடங்கள் ஓடுகின்றன. ஒன்று அறுந்தாலும் போர்டு போச்சு. பல சிப்செட்டுகளில் சிலிக்கான் மூடியில்லாமல் திறந்தே இருக்கும்; ஒரு மூலையில் பாரம் விழுந்தால் கண்ணாடி மாதிரி உடையும். திரும்ப மாட்டும்போதும் அதேதான்: நேராக இறக்குங்கள், மூலைகளில் ஸ்பாஞ்சுத் துண்டு இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். அது ஹீட்சிங்க் சாயாமல் இருக்க வைத்தது.

எந்த பேஸ்ட் நல்லது, எவ்வளவு வைக்கணும்? லிக்விட் மெட்டல் போடலாமா?

மின்சாரம் கடத்தாத எந்தச் சாதாரண பேஸ்டும் போதும். ப்ராசஸர் 100 வாட்டுக்கு மேல் விடும்போது நல்ல பேஸ்டுக்கும் சுமாருக்கும் வித்தியாசம் தெரியும். இன்றைய இன்டெல் சிப்செட்டுகள் பல 6 வாட் அளவில்தான் இருக்கின்றன. அங்கே விலை உயர்ந்த பேஸ்ட் தரும் லாபத்தை அளப்பதே கடினம். பழைய பேஸ்டை 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நார் உதிராத துணியால் துடையுங்கள். மூடியில்லாத சிப்புக்கு ஒரு அரிசி மணி அளவு நடுவில் வைத்தால் போதும், அழுத்தம் பரப்பிக்கொள்ளும்.

லிக்விட் மெட்டல் வேண்டாம். அதில் இருக்கும் காலியம் அலுமினியத்தைத் தின்றுவிடும். சிப்செட் ஹீட்சிங்குகள் பெரும்பாலும் அலுமினியம்தான். போதாததற்கு அது மின்சாரத்தைக் கடத்தும், வழிந்தால் சுற்றியிருக்கும் சின்னச் சின்னப் பாகங்களைக் குறுக்கே இணைத்துவிடும்.

பேட் இருந்த இடத்துல நல்ல பேஸ்ட் போட்டேன். முன்னைவிட சூடு ஏறிடுச்சே, ஏன்?

அந்த பேட், அதாவது வெப்பம் கடத்தும் ரப்பர் மாதிரியான துண்டு, ஒரு இடைவெளியை நிரப்பிக்கொண்டிருந்தது. ஒரே ஹீட்சிங்க் பல பாகங்களை மூடும்போது எல்லாமே ஒரே உயரத்தில் இருக்காது. அதற்காகவே அரை மில்லிமீட்டரோ ஒரு மில்லிமீட்டரோ இடைவெளி விட்டு, அதைப் பேடால் நிரப்புவார்கள். பேஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களை நிரப்பத்தான். அரை மில்லிமீட்டரை அதனால் நிரப்ப முடியாது, நடுவில் காற்று நின்றுவிடும். ஒரு நல்ல பேட் வெப்பத்தைக் கடத்துவதில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்குதான் காற்று கடத்தும். அதே தடிமனில் பேட் வாங்கிப் போடுங்கள். தடிமன் கூடினால் ஹீட்சிங்க் தூக்கிக்கொள்ளும், குறைந்தால் தொடாது.

இன்னொரு வகையும் உண்டு: அறை வெப்பத்தில் மெழுகு மாதிரி கெட்டியாகவும் சூட்டில் இளகியும் இருக்கும் மெல்லிய படலம். அது இருந்த இடத்தில் இடைவெளி கிடையாது, தயங்காமல் பேஸ்ட் போடலாம். ரப்பர் மாதிரி அமுங்குகிறதா, மெழுகு மாதிரி வழித்து வருகிறதா என்று பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும்.

ஹீட்சிங்கையே பெரிசா மாத்தினா என்ன?

சத்தமே இல்லாமல் குளிர்ச்சி வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் வழி. பழைய போர்டுகளில் பெரும்பலன் கிடைக்கும். 2008-ல் வந்த இன்டெல் எக்ஸ்58 சிப் தன் உச்சத்தில் சுமார் 24 வாட் விடும். வாங்கும் முன் மூன்றை அளங்கள்: போர்டில் துளைகளின் இடைவெளி, கிராபிக்ஸ் கார்டு மேலே வருமானால் கிடைக்கும் உயரம், பக்கத்தில் இருக்கும் கெப்பாசிட்டர்கள். உயரத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அளக்காமல் வாங்கினால் கார்டு உள்ளே இறங்காது.

ஃபேன் இல்லாமல் ஓடப்போகிறது என்றால், பெட்டி நிற்கும் நிலையில் தகடுகள் மேலிருந்து கீழாக வரும்படி மாட்டுங்கள். சூடான காற்று மேலே ஏறும். தகடுகள் குறுக்கே இருந்தால் அது அங்கேயே சிக்கிக்கொள்ளும். தகடுகள் மிக நெருக்கமாக இருப்பதும் ஃபேன் இல்லாதபோது கெடுதல். செம்பு அலுமினியத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நன்றாக வெப்பம் கடத்தும் என்பது உண்மை, ஆனால் இந்த அளவுக்குச் சிறிய ஹீட்சிங்கில் தடை காற்றுப் பக்கம்தான் இருக்கிறது. செம்பினால் எடைதான் கூடும்.

இன்றைய போர்டுகள் சிலவற்றில் சிப்செட் மேல் அழகுக்காக ஒரு பிளாஸ்டிக் மூடியும் விளக்கும் இருக்கும். அந்த மூடியைத் தனியாகக் கழற்ற முடிந்தால் முதலில் அதைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். செலவில்லாத வேலை.

டேப்ல ஒட்டுற குட்டி ஹீட்சிங்க் வாங்கலாமா? கீழ விழுந்துடாதா?

ஹீட்சிங்கே இல்லாத வெறும் சிப்புக்கு அது நல்லது. ஆனால் நிற்கும் பெட்டியில் போர்டு செங்குத்தாக இருக்கிறது. மலிவான டேப் சூட்டில் இளகி, கனமான உலோகம் நழுவி, கீழே இருக்கும் கார்டின் மேல் விழலாம். உலோகம் விழுந்த இடத்தில் மின்சாரம் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இலேசான துண்டை மட்டும் ஒட்டுங்கள், சிப்பின் மேற்பரப்பை ஆல்கஹாலால் துடைத்தபின் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

எபாக்ஸி வகைத் தெர்மல் பசை விழாது, ஆனால் திரும்ப எடுக்கவும் முடியாது. எடுக்க முயன்றால் சிப்பும் சேர்ந்து வரும். திருகோ கொக்கியோ போட வழி இருக்கும் சிப்பில் பசையைப் பயன்படுத்தவே வேண்டாம்.

புது கிராபிக்ஸ் கார்டு போட்டதிலிருந்து சிப்செட் 15 டிகிரி ஏறிடுச்சு. கார்டுல கோளாறா?

கோளாறு இல்லை, இடப்பிரச்சினை. பெரிய கார்டு சிப்செட்டுக்கு நேர் மேலே உட்கார்ந்து கூரை போட்டுவிடுகிறது. கூடவே தன் 200, 300 வாட் வெப்பத்தை அதே இடத்தில் கொட்டுகிறது. பேஸ்ட் மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. அடைப்பு கடைசிக் கட்டத்தில், அதாவது பெட்டிக்குள் இருக்கும் காற்றில் இருக்கிறது. பெட்டியின் முன்பக்கம் கீழே ஒரு ஃபேன் உள்நோக்கி ஊதினால் கார்டுக்கு அடியில் புதுக்காற்று வரும். அங்கே ஹார்ட் டிஸ்க் கூடு வழியை மறைத்துக்கொண்டிருந்தால், பயன்படுத்தாதபோது கழற்றிவிடுங்கள். முன்பக்கத் தூசி வலையையும் பாருங்கள். தூசி தட்டும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றுக் குப்பியின் வேகத்தில் அது கட்டுமீறிச் சுற்றி பேரிங் கெடும்.

ப்ராசஸருக்கு வாட்டர் கூலிங் போட்டேன். அது குளிர்ந்திடுச்சு, ஆனா சிப்செட்டும் மத்ததும் சூடாகுது. அதெப்படி?

பழைய கூலர் போர்டை நோக்கிக் கீழே ஊதும் வகையாக இருந்திருக்கும். அந்தக் காற்று ப்ராசஸரைத் தாண்டிச் சுற்றியுள்ள நார்த்பிரிட்ஜையும் மின்வழங்கிப் பாகங்களையும் கெப்பாசிட்டர்களையும் சேர்த்துக் குளிர்வித்துக்கொண்டிருந்தது. வாட்டர் கூலிங்கில் ஃபேன்கள் பெட்டியின் ஓரத்துக்குப் போய்விட்டன. போர்டின் மேல் காற்றே இல்லை. கோபுர வடிவக் கூலர்களிலும் இது ஓரளவு நடக்கும்.

இதை அலட்சியப்படுத்த வேண்டாம் என்பேன், சிப்புக்காக இல்லை, கெப்பாசிட்டர்களுக்காக. எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் 10 டிகிரி குறைந்தால் ஏறக்குறைய இரட்டிக்கும், ஏறினால் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. மெதுவாக ஓடும் ஒரு ஃபேனைப் போர்டைப் பார்த்துக் கட்டினால் போதும், மேலே சொன்ன மாதிரியே.

எதுவும் வாங்காம, பயாஸ்லயே சூட்டைக் குறைக்க வழி இருக்கா?

இருக்கிறது. வேகம் கூட்டுவதற்காக யாராவது சிப்செட் வோல்டேஜை ஏற்றியிருந்தால் முதலில் இறக்குங்கள். சிப் விடும் வெப்பம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்து மாறும். 1.25-லிருந்து 1.15-க்கு வந்தால் சுமார் 15 சதவீதம் குறையும். இயல்பான அளவுக்கும் கீழே போக நினைத்தால் மிகச் சின்னப் படிகளாக இறங்கி, ஒவ்வொரு படியிலும் பெரிய கோப்புகளை நகலெடுத்துச் சரிபாருங்கள். முக்கியமான தரவு இருக்கும் கம்ப்யூட்டரில் இதைச் செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன்.

எந்த ஆபத்தும் இல்லாத வழி ஒன்று: எஸ்எஸ்டியை இடம் மாற்றுவது. இன்றைய போர்டுகளில் பொதுவாக ஒரு எம்.2 இடமாவது (எஸ்எஸ்டியை நேராகச் செருகும் இடம்) நேரடியாகப் ப்ராசஸரோடு இணைந்திருக்கும், மற்றவை பெரும்பாலும் சிப்செட் வழியாகப் போகும். அதிகம் உழைக்கும் எஸ்எஸ்டி எதுவோ அதை முதல் வகையில் மாட்டினால் சிப்செட்டின் வேலை குறையும். எது எது என்று போர்டின் கையேட்டில் இருக்கும். பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டுகளையும் எஸ்எஸ்டியையும் போர்டோடு இணைக்கும் பாதை) மின்சேமிப்பு வசதி அணைக்கப்பட்டிருந்தால் அதை இயக்குங்கள். எக்ஸ்570 போன்ற போர்டுகளில் அந்தப் பாதையின் நான்காம் தலைமுறை வேகம் உங்களுக்குத் தேவையில்லையென்றால் சிப்செட் இணைப்பை மூன்றாம் தலைமுறைக்கு இறக்கலாம். அந்த வேகம்தான் அதற்கு ஃபேன் வைக்கவேண்டி வந்ததற்கு முக்கியக் காரணம். 2020-ல் வந்த ஏஎம்டி பி550, சிப்செட் பக்கம் மூன்றாம் தலைமுறையோடு நின்றதால், ஃபேன் இல்லாமலே ஓடுகிறது.

லேப்டாப்புக்கும் இதெல்லாம் பொருந்துமா?

அளக்கும் முறையும் பேட் பற்றிச் சொன்னதும் அப்படியே பொருந்தும். ஹீட்சிங்க் மாற்றுவதும் ஃபேன் கட்டுவதும் நடக்காது. லேப்டாப்பில் தூசியை எடுத்து, பேஸ்ட்டும் சரியான தடிமன் பேடும் மாற்றி, அடியில் காற்று போக இரண்டு விரல் உயரம் தூக்கிவைத்தால் செய்யக்கூடியது பெரும்பாலும் முடிந்துவிடும்.

சூட்டால செத்த போர்டை ஓவன்ல வச்சு எடுத்தா உயிர் வருமாமே?

சில சமயம் சில நாட்களுக்கு வரும், அதனால்தான் இந்தக் கதை இன்னும் உலவுகிறது. சிப்புக்குக் கீழே இருக்கும் ஈயமில்லாத பற்றவைப்பு உருக 217 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டை வீட்டு ஓவனில் சீராகக் கொடுக்க முடியாது. கொடுத்தாலும் பிளாஸ்டிக் இணைப்புகள் உருகும், கெப்பாசிட்டர்கள் வீங்கும், உணவு சமைக்கும் இடத்தில் நச்சுப்புகை படியும். அதற்குக் கீழான சூட்டில் உடைந்த இணைப்பு விரிவடைந்து தற்காலிகமாகத் தொட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். செய்யாதீர்கள். முறையான கருவி வைத்திருக்கும் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

நீங்க சொன்ன எல்லாம் செஞ்சாச்சு. இன்னும் 95-லயே நிக்குது. இனி என்ன?

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றியிருந்தால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது. ஒவ்வொன்றாகத் திரும்பிப் பாருங்கள். முதலில் ஹீட்சிங்கின் சூடு: குளிர்ந்திருந்தால் தொடர்பு சரியில்லை. கழற்றி, பேஸ்ட் எந்த வடிவத்தில் பரவியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மெல்லியதாகவும் மறுபக்கம் தடித்தும் இருந்தால் ஹீட்சிங்க் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஹீட்சிங்கும் சுட்டால், பெட்டியின் பக்கக் கதவைத் திறந்துவைத்து அளங்கள். பத்து டிகிரி இறங்கினால் பெட்டிக் காற்றுதான் குற்றவாளி.

இவை எதுவும் இல்லையென்றால் கடைசியாக ஒரு சோதனை. கம்ப்யூட்டர் முழுக்க ஆறியபின், கேபிளை மட்டும் இணைத்து, பவர் பட்டனை அழுத்தாமல் இரண்டு நிமிடம் விடுங்கள். அப்போதே சிப்செட் சுட ஆரம்பித்தால், எல்லா யூ.எஸ்.பி சாதனங்களையும் பிடுங்கிவிட்டு மறுபடி பாருங்கள். ஒரு கெட்டுப்போன சாதனமோ வளைந்த யூ.எஸ்.பி பின்னோ சிப்பிலிருந்து அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருக்கலாம். எதுவும் செருகாமலே சுடுகிறது என்றால் சிப்புக்குள்ளேயே குறுக்கிணைப்பு ஏற்பட்டிருக்கிறது. அதைக் குளிர்வித்துப் பயனில்லை. அந்தப் போர்டை மேலும் ஓட்டாமல், வட்டுகளைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, முதலில் உங்கள் கோப்புகளை நகலெடுத்துக்கொள்ளுங்கள்.